ஒரு கண்ணை மூடித் தூங்கிய தாரா



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் மழைக்காலத்துக்கு ஏற்ற கோழிக்கூடு பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். யாருடையது என்று தெரியாத தாரா ஒன்று நாய்க்கடியோடு தன்னுடைய வளவுக்குள் வந்து கிடப்பதாகவும், கிட்டப் போனால் வேலியில் மோதி மோதி விழுவதாகவும், பிள்ளைகள் அதைக் காப்பாற்றச் சொல்லி அழுவதாகவும் எழுதியிருந்தார். கடிதம் எங்களிடம் வந்து, பதில் அச்சாகி, புத்தகம் அவர் கைக்குப் போவதற்குள் அந்தத் தாராவின் கதை ஏதோ ஒரு பக்கம் முடிந்துபோயிருக்கும். அதனால் அன்றைக்கே தனியாகப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான், தாராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு தாராவிடம் படித்தவை என்பது ஞாபகம் வந்தது. அதிலும் அரைவாசிதான் தாராவிடம் படித்தேன். மிகுதி மலர் அக்காவிடம். மலர் என்பது அவருடைய உண்மையான பெயரல்ல.

2018 டிசம்பர் வெள்ளத்தை வன்னியில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 21ஆம் திகதி இரவு பெய்த மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களும் தாழ்ந்தன. இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். சனங்கள் பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். ஆடு, மாடு, கோழிகளை யாரும் தூக்க முடியவில்லை.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம், பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்த குடும்பங்களின் விவரம் எடுத்துவிட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் கரையில் ஒரு முட்கம்பி வேலி. அதில் வெள்ளத்தோடு வந்த தங்கூசி வலைத் துண்டு சிக்கியிருந்தது. அதற்குள் அழுக்கான வெள்ளைத் துணி ஒன்று. கிட்டப் போனபோது துணி கண்ணை மூடித் திறந்தது.

கைப்பையிலிருந்த சிறு கத்தரிக்கோலால் தங்கூசியை வெட்டினேன். அந்த இழை இடது காலைச் சுற்றி இறுகி, தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. வலது செட்டை கீழே தொங்கியது. கோழியைத் தூக்குவதுபோல இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன். எனது முதலாவது பிழை அது. நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஆச்சி படலையிலேயே கண்டுவிட்டுச் சத்தம் போட்டார். "காலைப் பிடியாதை பிள்ளை, முறிஞ்சுபோம்!" கோழியின் காலைப் போலத் தாராவின் கால் பலமானதல்ல. இரண்டு செட்டைகளையும் உடம்போடு அணைத்து, அடியில் கையைக் கொடுத்துத்தான் தூக்கவேண்டும்.

அந்த இரவு நான் செய்த பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்யாமல் இருக்கலாம்.

உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று நினைத்தேன். ஆச்சி பனடோலைப் பாதியாக உடைக்கவும் ஆயத்தமாகிவிட்டார். நல்ல காலம், தாரா வாயைத் திறக்கவில்லை. தாராவின் சாதாரண உடல் வெப்பமே 41, 42 பாகை செல்சியஸ். எங்களுடைய கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். மனிதருக்கான குளிசைகளை அளவு தெரியாமல் பறவைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

பிறகு, காயத்துக்கு நல்லது என்று தேங்காய் எண்ணெய் பூசினேன். கால் முழுவதும் பூசி, மீதியை வயிற்றுப் பக்கமும் தடவிவிட்டேன். தாராவின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. அது அலகால் அந்த எண்ணெயை எடுத்து, இறகு இறகாகக் கோதிப் பூசிக்கொள்கிறது. ஒழுங்காகக் கோதிய இறகுகளின் அடியில் காற்று நிற்கும், தண்ணீர் உள்ளே போகாது. நாங்கள் பூசும் எண்ணெய் இறகுகளை ஒட்டவைத்து அந்த ஒழுங்கைக் கெடுத்துவிடும். அந்த இரவு அது நடுங்கிய நடுக்கத்தில் பாதி நான் கொடுத்தது.

மூன்றாவது, பாண். பாலில் ஊறவைத்த பாணை மூக்குக்கு நேரே நீட்டி, "சாப்பிடு, சாப்பிடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆச்சிதான் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "அதைக் கொஞ்சம் தனிய விடு. இருட்டுக்கை இருக்கட்டும்" என்றார். மரப்பெட்டி ஒன்றில் உலர்ந்த வைக்கோல் போட்டு, மேலே சாக்கைப் போர்த்து, அடுப்படிக்குப் பின்னால் வைத்தோம். அடிபட்ட பறவைக்கு முதலில் தேவை சூடும் இருட்டும் அமைதியும். சாப்பாடு அதற்குப் பிறகுதான். இதை ஆச்சி எங்கும் படிக்கவில்லை.

மறுநாள் நத்தார் விடுமுறை. கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, காலைக் கழுவிவிட்டோம். தங்கூசியின் கடைசி இழையை ஆச்சியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் எடுத்தேன். 26ஆம் திகதி கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். வெள்ளத்தில் மாடுகள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு தாராவுக்காக வந்து நிற்கிறேனே என்று கூச்சமாக இருந்தது. வைத்தியர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பார்த்தார். செட்டை எலும்பு ஒன்று முறிந்திருந்தது. செட்டையை மடித்து, உடம்போடு சேர்த்து மென்மையான துணிப்பட்டியால் எட்டு வடிவமாகச் சுற்றினார். நெஞ்சை இறுக்கிச் சுற்றவேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். பறவைக்கு எங்களைப்போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிக் கட்டிக் காப்பாற்றப் போனால் அது மூச்சடைத்துச் செத்துவிடும். மூன்று கிழமைக்கு மேல் கட்டி வைத்திருக்கவும் கூடாது, மூட்டு விறைத்துப்போகும். ஊசி ஒன்று போட்டு, மருந்தும் தந்தார். குளிக்கவிடாதே, ஆனால் தலையை முழுதாக அமிழ்த்தக்கூடிய ஆழமான சட்டியில் தண்ணீர் வை என்றார். மூக்குத் துவாரங்களையும் கண்களையும் கழுவிக்கொள்ளத் தாராவுக்கு அது வேண்டும்.

மருத்துவம் இவ்வளவுதான். மிகுதி மூன்று கிழமையும் வேறொரு பிரச்சினை. அது என்னைக் கண்டால் சாப்பிடாது.

குறுணல் அரிசியை அவித்து, தவிடு கலந்து, கங்குன் கீரையை அரிந்து போட்டு வைப்பேன். நான் நிற்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கல்லாக இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் சட்டி காலி. அதற்கு வாய் உண்டு, பசி உண்டு. நான்தான் இடைஞ்சல். இது எனக்குக் கொஞ்சம் ரோசமாகவும் இருந்தது. தங்கூசியை வெட்டியது நான், வைத்தியரிடம் கொண்டுபோனது நான், என்னிடம் ஏன் இந்தப் பயம்? எங்களுடைய வேலையில் உள்ளவர்களுக்கு இந்த ரோசம் அடிக்கடி வரும். வெளியில் சொல்லமாட்டோம்.

ஒரு இரவு டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். அது முதுகுக்குள் தலையைச் செருகி நித்திரையாக இருந்தது. ஆனால் என் பக்கமிருந்த கண் திறந்திருந்தது. அடுத்த இரவும் அப்படித்தான். கனகாலத்துக்குப் பிறகுதான் இதற்கு விளக்கம் படித்தேன். 1999இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் இந்தியானாவில் ஆய்வாளர்கள் தாராக்களை வரிசையாகத் தூங்கவைத்துப் படம் எடுத்தார்கள். நடுவில் படுத்தவை பெரும்பாலும் இரண்டு கண்களையும் மூடித் தூங்கின. ஓரத்தில் படுத்தவைதான் கூட நேரம் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தன, அதுவும் கூட்டத்துக்கு வெளிப்பக்கமாக இருந்த கண்ணை. அந்த நேரம் மூளையின் ஒரு பாதி தூங்க, மறு பாதி விழித்திருக்கும். தனியாக இருந்த எங்கள் தாராவுக்கு எல்லாப் பக்கமும் ஓரந்தான். உங்களில் எத்தனை பேர் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முகாமில் படுத்தவர்களுக்கு இதைச் சொல்ல இந்தியானாவிலிருந்து ஆள் வரத் தேவையில்லை.

31ஆம் திகதி நள்ளிரவு புத்தாண்டு வெடி கொளுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. ஆச்சி கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன் என்பதை விடுவோம். விடிந்து பார்த்தபோது தாரா பெட்டிக்குள் அடித்துப் புரண்டு, கட்டு தளர்ந்து, செட்டை வெளியே வந்திருந்தது. இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டாம் திகதி வைத்தியர் திரும்பவும் சுற்றிவிட்டார். "இனியும் அவிழ்ந்தால் செட்டையை மறந்துவிடுங்கோ" என்றார்.

அடுத்த நாள் மலர் அக்கா வந்தார்.

அவரை எனக்கு எட்டு மாதமாகத் தெரியும். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களின் பட்டியலில் அவருடைய வீடும் இருந்தது. மாதம் இரண்டு தடவை போவேன். என்ன கேட்டாலும் "ஓம் மிஸ்", "இல்லை மிஸ்", "பாப்பம் மிஸ்". எங்களுடைய படிவத்தில் கணவரின் நிலை என்று ஒரு கட்டம் உண்டு. உயிருடன், இறப்பு, காணாமற்போனவர் என்ற மூன்றில் ஒன்றுக்குச் சரி போடவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவர் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றுவார். படிவத்தின் அடியில் நான் "ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்தோடு அது இப்போதும் ஏதாவது கோப்பில் இருக்கும்.

அன்று அவர் வந்தது உலர் உணவுப் பதிவுக்கு அடையாள அட்டைப் பிரதி தருவதற்கு. வெள்ளத்தில் அவருடைய கூடும் 11 தாராக்களும் போய்விட்டதை அதற்கு முன்பே பதிந்திருந்தேன். பிரதியைத் தந்துவிட்டுத் திரும்பியவர், அடுப்படிப் பக்கமிருந்த பெட்டியைக் கண்டு நின்றார். அதற்குக் கிட்டப் போகவில்லை. ஆறு ஏழு அடி தள்ளி, பெட்டிக்குப் பக்கவாட்டாகக் குந்தினார். தாராவைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தார். பிறகு, யாருக்கோ எதையோ கொடுப்பதுபோல மெதுவாக, "இந்தா... இந்தா... இந்தா..." என்றார்.

தாரா தலையைத் தூக்கியது.

எனக்கு வியப்பு. அவருக்குக் கைராசி இருக்கிறது என்று நினைத்தேன். எப்படி அக்கா என்று கேட்டேன். "நீங்கள் நேர பாக்கிறியள் மிஸ். நேர பாக்கிறது நரியும் நாயும்" என்றார். எட்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான வசனம் அது.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் 'பங்குகொள் அவதானம்' என்று ஒரு ஆய்வு முறை படிப்பித்தார்கள். மூன்றாம் வருடத்தில் அதைப் பற்றி 12 பக்கம் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். ஆச்சி வீட்டு அடுப்படிக்குப் பின்னால்தான் அதை ஒருவர் செய்ய முதன்முதலாகப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் ஒன்றுவிட்டொரு நாள் வந்தார். பத்து நிமிடம், கால் மணித்தியாலம். வரும்போது வயலில் பொறுக்கிய நத்தைகளைச் சிரட்டையில் கொண்டுவருவார். எனக்கு அவர் தந்த கட்டளைகள்: தினமும் ஒரே நேரத்தில் வா. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வா. மழை அங்கியோடு வராதே. மேலேயிருந்து கையை நீட்டாதே, பருந்து அப்படித்தான் வரும். குந்தியிருந்து தரையோடு கையைக் கொண்டுபோ. அது பின்வாங்கினால் நீயும் பின்வாங்கு. முதலில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போ. பிறகு வைத்துவிட்டுத் தூரத்தில் இரு. பிறகு கொஞ்சம் கிட்ட இரு. ஒவ்வொரு நாளும் ஒரு முழத்துக்கு மேல் கிட்டப் போகாதே.

புண்ணாக்கு பற்றியும் எச்சரித்தார். ஆச்சியின் சாக்கில் மழை ஈரம் பிடித்த தேங்காய்ப் புண்ணாக்கு கொஞ்சம் இருந்தது. கோழிகளுக்குப் போடுவதுதானே என்று நான் எடுத்தபோது பறித்து எறிந்துவிட்டார். பூஞ்சணம் பிடித்த தீனியில் ஒரு நஞ்சு உண்டாகிறது, அது ஈரலைத் தாக்கும், கோழியைவிடத் தாராவை மிக வேகமாகக் கொல்லும். வெள்ளத்துக்குப் பிறகு நனைந்த தீனியைக் காயவைத்துப் போட நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காய்ந்தாலும் நஞ்சு போகாது. படுக்கையையும் தினமும் மாற்றச் சொன்னார். ஈர வைக்கோலில் நின்றால் பாதத்தின் அடியில் புண் வந்துவிடும்.

நாங்கள் தாராவைப் பற்றி மட்டுந்தான் கதைத்தோம். பெட்டை எது, ஆண் எது என்று எனக்குத் தெரியாது. ஆணின் வாலில் ஓரிரண்டு இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், குரல் அடைத்ததுபோல இருக்கும், ஊரைக் கூட்டுவது பெட்டைதான் என்று சொல்லிச் சிரித்தார். மிஸ் என்பது எந்த நாளில் பிள்ளை என்று மாறியது என்பதை நான் கவனிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தாரா பெட்டியின் மூலைக்குள் ஒடுங்கியது. திரும்பிப் பார்த்தால் மலர் அக்காவையும் காணவில்லை. அடுப்படிச் சுவருக்குப் பின்னால் நின்றார். வந்தவர் தபால்காரர். அவர் போனபிறகு மலர் அக்கா வெளியே வந்து, தாராவைப் பார்த்து, "நீயும் லோன் எடுத்தனியோ?" என்று கேட்டார்.

அப்படித்தான் அது வெளியே வந்தது. இரண்டு கம்பனிகளில் கடன். ஒன்றைக் கட்ட மற்றதை எடுத்தது. வியாழன் ஒருவர், சனி ஒருவர். வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்துவிட்டால், காசு கிடைக்கும்வரை எழும்பமாட்டார்கள். முட்டை விற்ற காசில் ஒரு தவணையாவது ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் கொண்டுபோனது அதைத்தான். 2018 நடுப்பகுதியில், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. மலர் அக்காவின் கடன் அந்த எல்லைக்கு மேல். எட்டு மாதம் வீட்டுக்குப் போய்வந்த எனக்கு இதில் எதுவும் தெரியாது. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை.

மலர் அக்காவும் தாராவும் ஒன்று என்று நான் எழுத வரவில்லை. அப்படி எழுதினால் அவர் எனக்கு அடிப்பார். அவர் பயந்தது மோட்டார் சைக்கிளுக்கல்ல, அதில் வருபவருக்கு. அதற்குப் பொறுமை மருந்தல்ல. கணக்குப் புத்தகமும், கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டும், கூடப் போய்ப் பேச ஒரு ஆளும் வேண்டும். அந்த வேலையைப் பிறகு செய்தோம். தவணைகளைக் குறைத்து நாட்களை நீட்டிக்கொள்ள ஐந்து மாதம் பிடித்தது. அதை இன்னொரு மாதம் விரிவாக எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முதல், தாரா என் கையில் சாப்பிட்டது. கங்குன் இலை ஒன்றைத் தரையோடு நீட்டிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி இருந்தேன். கால் விறைத்துப்போனது. இலை இழுபட்டது. நான் திரும்பவில்லை. பிறகு உள்ளங்கையில் அலகு தட்டியது. தட்டையான, ஈரமான, கொஞ்சம் சொரசொரப்பான தட்டல். உள்ளே போய் ஆச்சியிடம் சொன்னபோது என் குரல் சரியாக இருக்கவில்லை. ஆச்சி, "கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு" என்றார். அவர் சொன்னது சரி. தாராவின் எச்சத்தில் வயிற்றோட்டக் கிருமிகள் இருக்கலாம். கடிதம் எழுதிய சகோதரியின் பிள்ளைகளும் இதை மறக்கக்கூடாது. தொட்டபிறகு கை கழுவவேண்டும், முத்தம் கொடுக்கக்கூடாது.

பொங்கல் வெடிக்கு இந்த முறை ஆயத்தமாக இருந்தோம். பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் வைத்து, மேலே இரண்டு போர்வை. ஆச்சி அந்தக் கட்டிலில் இருந்தார். கட்டு அவிழவில்லை.

அடுத்த நாள் வைத்தியர் கட்டை எடுத்தார். எலும்பு பொருந்தியிருந்தது. செட்டை கொஞ்சம் கோணல். சந்தோசத்தில் நான் நேரே வாய்க்காலுக்குக் கொண்டுபோய் விட்டேன். தாராவுக்குத் தண்ணீர்தானே வீடு. இரண்டு நிமிடம் நீந்தியது, பிறகு தாழத் தொடங்கியது. மூன்று கிழமையாக அது உடம்பைக் கோதவில்லை, இறகில் காப்பு இல்லை, தண்ணீர் தோல்வரை ஊறிவிட்டது. சட்டையோடு இறங்கித் தூக்கினேன். வீட்டுக்கு வந்தபோது மலர் அக்கா நத்தைச் சிரட்டையோடு நின்றார். அவர் எனக்கு ஏசியதை இங்கே எழுத முடியாது. "தாரா எண்டால் தாழாதோ? நீ படிச்ச பிள்ளை எல்லோ?" என்பது மட்டும் எழுதக்கூடியது.

இளஞ்சூட்டுத் தண்ணீரை பேசினில் எடுத்து, அழுக்கைக் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் வைத்தோம். நாளுக்குப் பத்து நிமிடம் பேசினில் விடு, அது தானாகக் கோதத் தொடங்கும், தண்ணீர் முத்து முத்தாக உருளும் நாளில் வாய்க்காலுக்கு விடு என்றார். சொல்லிக்கொண்டே வலது காலைத் தூக்கிக் கழுவினார். அந்தக் கால் விரல்களுக்கு நடுவிலுள்ள சவ்வில் ஒரு சிறு வெட்டு இருந்தது. அதுவும் தங்கூசிக் காயம் என்று நினைத்து, மூன்று கிழமையும் நான் அதற்கு உப்புத்தண்ணீர் விட்டிருந்தேன். பலமுறை அவருக்கு முன்னாலேயே.

"அது காயமில்லைப் பிள்ளை" என்றார். "அது நாங்கள் வெட்டினது. குஞ்சிலையே வெட்டுறது. எங்கடை எண்டு தெரியிறதுக்கு."

எனக்கு விளங்கச் சில நொடி பிடித்தது. அவர் தாராவின் காலைப் பிடித்தபடி, "இவர் பழக்கினது. வலது கால், உள்பக்கம்" என்றார். எட்டு மாதத்தில் கணவரைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

ஆனால் மற்றதைக் கேட்டேன். கொஞ்சம் கோபத்தோடுதான். "முதல் நாளே தெரியுமெல்லோ அக்கா? ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீ அண்டைக்கே தந்திருப்பாய்" என்றார். "என்னட்டைக் கூடு இல்லை. அந்த வியாழக்கிழமை நான் இதை வித்திருப்பன். இறைச்சிக்கு."

சொல்லிவிட்டுத் தாராவைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு கிழமை, தண்ணீர் இன்னும் முத்தாக உருளவில்லை என்று சாட்டுச் சொன்னேன். தை மாதக் கடைசியில் அவருடைய வளவில் தகரமும் பழைய தறப்பாளும் கொண்டு ஒரு கூடு போட்டோம். ஆச்சியும் வந்து கதிரையில் இருந்து மேற்பார்வை பார்த்தார். கூட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, கீரி நுழையாமல் சிறு கண் வலை அடித்தோம். தாராவைப் பெட்டியோடு கொண்டுபோய் விட்டேன். பத்து நாள் கழித்து முட்டையிடத் தொடங்கியதாகச் சொல்லி அனுப்பினார்.

தாரா தனியாக இருக்க விரும்பாது. அதனால் பக்கத்து வளவுக்காரரிடம் பத்துத் தாரா முட்டைகள் வாங்கி, அடைக்கோழிக்கு வைத்தார். கோழிக் குஞ்சு 21 நாளில் வந்துவிடும், தாராவுக்கு 28 நாள். கோழி பொறுமையிழந்து எழும்பிவிடுமோ என்று கடைசிக் கிழமை முழுவதும் அதற்கு இருந்த இடத்திலேயே தீனி வைத்தாராம். ஆறு பொரித்தன.

2019 ஆனி மாதம் ஒரு நாள் போனேன். ஆறும் வளர்ந்து, தாயல்லாத தாயின் பின்னால் வரிசையாக வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வெள்ளை இறகு, வலது செட்டை கொஞ்சம் கோணல், எனக்கு உடனே தெரிந்தது. குந்தியிருந்து, பக்கவாட்டாகத் திரும்பி, "இந்தா... இந்தா..." என்றேன். அது நின்றது. தலையைச் சரித்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகு தன் வழியே போய்விட்டது. மற்ற ஆறும் பின்னால் போயின.

மலர் அக்கா ஒன்றைப் பிடித்து வந்து காலைத் திருப்பிக் காட்டினார். வலது கால், உள்பக்கம், சிறு வெட்டு. "ஆறுக்கும் நான்தான் வெட்டினனான். கை நடுங்கிப்போச்சு" என்றார். பழைய பேப்பரில் நாலு முட்டையைச் சுற்றி என் கைப்பைக்குள் வைத்தார்.

"ஆச்சிக்கு ரண்டு, உனக்கு ரண்டு. நல்லா அவிச்சுச் சாப்பிடு பிள்ளை, அரைவேக்காடு கூடாது."